தவணை நாளும் பிள்ளை மேல் எரிந்து விழும் நாளும்

கேள்வி: கணவர் சிங்கப்பூரில், நான் காரைக்குடியில், மகனுக்கு நாலு வயசு. பணக் கஷ்டம் பிள்ளை வளர்ப்பைக் கெடுக்குமா?

கெடுக்கும். ஆனால் வருமானம் குறைவு என்பதைக் காட்டிலும் பணம் வரும் தேதிக்கும் கட்டும் தேதிக்கும் நடுவே விழும் இடைவெளிதான் அதிகம் படுத்துகிறது என்பேன். 2013இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. கரும்பு வெட்டுக்கு முன், கை வறண்டிருந்தபோது, யோசனைத் திறன் சோதனையில் தடுமாறிய அதே ஆட்கள் வெட்டு முடிந்து காசு வந்தபின் நன்றாகச் செய்தார்கள். தவணைக் கவலையில் இருக்கும் அம்மா பிள்ளையின் பத்தாவது "ஏன்?"னுக்குக் கத்துவதையும் இதோடுதான் சேர்ப்பேன்.

அதனால் ஒரு தாளில் தேதிகளை மட்டும் எழுதுங்கள்: பணம் வரும் நாள், மகளிர் குழுக் கடன் தவணை, நகைக்கடன் வட்டி, வேன் காசு. நகர்த்த முடிந்ததைப் பணம் வந்த மூன்று நாளுக்குள் கட்டிவிடுங்கள். குழுத் தவணை நகராது. அந்தக் காசைப் பணம் வந்த அன்றே தனி உறையில் போடுங்கள்.

பள்ளி திறக்கும் ஜூன்தான் பெரிய குழி. கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாம் 36,000 என்றால், மே மாதம் தொடங்கி மாதம் 3,000 வங்கியில் ஓராண்டு ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு). அடுத்த மே மாதம் கைக்கு வந்துவிடும். அஞ்சலக ஆர்டி ஐந்து வருடம், இதற்கு ஆகாது.

அழுகையை அடக்க நாளுக்கு மூன்று 5 ரூபாய் தின்பண்டப் பாக்கெட் என்றால் மாதம் 450. அதே காசுக்கு நாளும் ஒன்றிரண்டு முட்டை கொடுக்கலாம்.

அப்பா வீடியோ காலில் "வாங்கிக் கொடு" என்கிறார், நீங்கள் "வேண்டாம்" என்கிறீர்கள். பையன் அடுத்த தடவை நேரே அப்பாவிடம்தான் கேட்பான். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் முன்பெல்லாம் கல்யாணமான மகனை 'வேறு வைப்பார்கள்': ஒரே வீட்டில் தனி அடுப்பு, தனிக் கணக்கு. யார் செலவு யார் கணக்கில் என்பது பிள்ளை பிறக்குமுன்பே முடிவாகிவிடும்! நீங்களும் அவன் தூங்கியபின் பேசி, பொம்மைக்கு மாதம் இவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். "காசில்லை" என்று சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் ஏசி வந்து இறங்கினால் அது பொய் என்று அவனுக்கே புரிந்துவிடும். "இந்த மாசக் கணக்குல இது இல்ல" போதும். அப்பத்தா சுருக்குப்பையிலிருந்து வரும் பத்து ரூபாயை யாராலும் தடுக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

வாரச் சந்தையில் அவன் கையில் 20 ரூபாய் கொடுங்கள். கொய்யாவா பலூனா, அவனே தேர்ந்தெடுக்கட்டும். பலூன் வழியிலேயே வெடித்து அழுதால் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்று வாங்கித் தராதீர்கள்.