ரௌட்டரை நோண்டும் பையனும் வீட்டுப் பத்திரமும்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்குப் பெயர்பெற்ற கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் படிப்பு; கட்டணத்துக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டும்; இதை விட்டால் அவன் எதிர்காலமே போச்சு என்கிறார் உங்கள் அண்ணன். பதற்றம் புரிகிறது.

ஆனால் நாலு பக்கக் கடிதத்தில் மகனைப் பற்றி இருப்பது இரண்டே வரி. கணக்கு என்றால் ஓடுகிறான், எந்நேரமும் ரௌட்டரை நோண்டுகிறான். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அக்காவுக்கு ஆபீஸ் ஃபைல் திறக்காதபோது அவன்தான் சரிசெய்தானாம். வீட்டுக் கருவிகளுக்கும் ஆபீஸ் கருவிகளுக்கும் ஒரே 192.168.1 முகவரி வரிசை இருந்ததால் கணினி குழம்பியதைக் கண்டுபிடித்து வீட்டு வரிசையை மாற்றினான் என்கிறீர்கள். இதைக் குறையாக எழுதியிருக்கிறீர்களே! வேலையில் இருப்பவர்களே பாதி நாள் தடுமாறும் கோளாறு அது.

அடமானம் வேண்டாம். கணக்கு பிடிக்காத பையனைக் கணக்கின் மேல் நிற்கும் படிப்பில் கடன் வாங்கித் தள்ளுவதற்கு நான் தலையாட்ட மாட்டேன். கட்டணம் குறைந்த கல்லூரியில் சாதாரணக் கணினிப் பட்டம் போதும். கூடவே அவன் வளர்க்க வேண்டியது, அக்காவைப் போல வெளியிலிருந்து வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்பான நெட்வொர்க் வேலை.

முன்பு ஆபீசுக்கு ஒரு வாசல், அதில் காவலுக்கு ஒரு ஃபயர்வால், அவ்வளவுதான். ஊழியர்கள் வீட்டுக்குப் போனதும் வி.பி.என்., அதாவது இணையம் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பூட்டிய பாதை, வந்தது. அதில் பெரும்பாலும் ஒரு சிக்கல்: உள்ளே நுழைந்துவிட்டால் எல்லா அறையும் திறந்தே கிடக்கும். 2021 மே மாதம் முடங்கிப்போன அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாத பழைய வி.பி.என். கணக்கு ஒன்றின் வழியாக. கடவுச்சொல் மட்டும்தான் பூட்டு, இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. எரிபொருள் குழாய் நாள்கணக்கில் நின்றது, 75 பிட்காயின் பிணைப்பணம் போனது.

அதனால்தான் இப்போது 'ஜீரோ டிரஸ்ட்' பக்கம், அதாவது யாரையும் சும்மா நம்பாத முறைக்கு, போகிறார்கள். வருவது யார், எந்தக் கருவியிலிருந்து, அதில் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கேட்டுத்தான் விடும். 2009இல் தாக்குதலுக்கு ஆளான கூகுள் இந்த வழியில்தான் தன் நெட்வொர்க்கைத் திருத்திக் கட்டியது. யாருக்கு எது திறக்கலாம் என்று தீர்மானிப்பது, வேலையை விட்டவரின் கணக்கை அன்றே மூடுவது, காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் நுழையும்போது திணறாமல் பார்த்துக்கொள்வது, எல்லாம் இந்த வேலைதான். நடுராத்திரி போனும் வரும், மறைக்கவில்லை.

பையனுக்கு இது ஒத்துவருமா என்று செலவில்லாமலே பார்க்கலாம். வீட்டில் கிடக்கும் இரண்டு பழைய கணினி, லினக்ஸ் இயங்குதளம், வி.பி.என். போட உதவும் 'வயர்கார்ட்' மென்பொருள். மென்பொருள் எல்லாம் இலவசம். 2020இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து வயர்கார்ட் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு கணினிக்கும் நடுவே ஒரு சுரங்கம், அதாவது வி.பி.என். பாதை, போடட்டும். அப்புறம் ஒரு தகவல் பொட்டலம் (பாக்கெட்) எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற எம்.டி.யு. அளவை நடுவழியில் குறைத்து, 'பொட்டலம் பெரிது' என்று திருப்பிச் சொல்லும் ஐ.சி.எம்.பி. செய்தியையும் ஃபயர்வாலில் தடுத்துவிட்டுப் பார்க்கட்டும். இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன பிங் போகும், பெரிய ஃபைல் மட்டும் தொங்கலாம். நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து பாக்கெட் பாக்கெட்டாக அதைத் துரத்துகிறானா, சலித்து எழுந்துவிடுகிறானா? மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கண்டிப்பு: அனுமதியில்லாமல் அடுத்தவர் நெட்வொர்க்கில் கை வைக்கக் கூடாது.

இந்த வாரம் முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். அடுத்த கடிதத்தை அவனே எழுதட்டும். அந்த முகவரி மோதலை எப்படிப் பிடித்தான் என்று எனக்குக் கேட்க வேண்டும்.