கோழிக்கூண்டைச் சுற்றி நகத்தடம்: வந்தது நரியா?

கேள்வி: பினாங்கு, பாலிக் பூலாவில் டுரியான் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். மழை பெய்த மறுநாள் கோழிக்கூண்டைச் சுற்றி நகம் பதிந்த காலடிகள். இரண்டு கோழிகளைக் காணோம். மாமனார் 'நரிதான்' என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் காட்டுநாய் என்கிறார். எப்படி அடையாளம் காண்பது?

பதில்: மாமனார் மனம் நோகாமல் சொல்லிவிடுங்கள், பினாங்குத் தீவில் நரி கிடையாது. காட்டுநாய், அதாவது செந்நாய், தீபகற்பத்தில் தாமான் நெகாரா போன்ற பெருங்காடுகளில்தான் உண்டு. அங்கேயும் அருகிவிட்டது. கடல் தாண்டி உங்கள் கோழிக்காக வராது. அதன் தடம் நடுத்தர நாயின் தடத்தைப் போலவே இருக்கும். ஒற்றைத் தடத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். எந்த இடம் என்பதே அங்கே பாதித் தீர்ப்பு.

ஆக, சந்தேகப்பட வேண்டியவை தெருநாய், சிறுத்தைப்பூனை, மூசாங் (புனுகுப்பூனை வகை).

பலரும் நகக்குறியைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடுகிறார்கள். வழுக்கும் சேற்றில் பூனையும் நகத்தை ஊன்றும். இறுகிய மண்ணில் நாயின் நகமே பதியாமல் போகும். அதனால் விரல்களுக்குப் பின்னாலுள்ள பெரிய மெத்தையைப் பாருங்கள். நாய்க்கு அது முக்கோணம் போல இருக்கும், நடு விரல்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கும். இரண்டு ஈர்க்குச்சிகளைப் பெருக்கல் குறியாக வைத்துப் பாருங்கள்: விரல்களுக்கும் மெத்தைக்கும் இடையிலுள்ள மேட்டிலேயே அவை படிந்தால் நாய். பூனைத் தடத்தில் குச்சி மெத்தையை வெட்டிக்கொண்டு போகும். பூனையின் மெத்தை அகலமானது, பின் விளிம்பில் மூன்று புடைப்புகள் தெரியும். நம் கைவிரலைப் போல ஒரு விரல் மற்றதைவிடச் சற்று முன்னால் நீண்டிருக்கும்.

ஐந்து விரல் தெளிவாகப் பதிந்திருந்தால் நாயை விட்டுவிடுங்கள், பெரும்பாலும் மூசாங்.

அடுத்து, தடம் போன வழி. வீட்டு நாய் மோப்பம் பிடித்து அங்குமிங்கும் அலையும். காட்டு விலங்கு வீணாக நடக்காது, நேர்கோடாகப் போகும்.

மழைநீர் தேங்கிய தடம் ஊதிப் பெருத்திருக்கும்; அதை அளக்காதீர்கள். இன்றிரவு கூண்டைச் சுற்றிச் சலித்த மணலை மெல்லியதாகத் தூவி, லேசாக நீர் தெளித்து வையுங்கள். விடிந்ததும், வெயில் சாய்வாக விழும்போது, பக்கத்தில் 50 சென் காசு வைத்து நேர் மேலிருந்து படமெடுங்கள்.

சிறுத்தைப்பூனை என்று தெரிந்தால் பொறி வைக்க வேண்டாம். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது முழுப் பாதுகாப்பு பெற்றது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்லிவிட்டு, கூண்டின் கம்பிவலையை நெருக்கமாக மாற்றுங்கள்.