மகளுக்கு எந்த மிக்சி வாங்கித் தருவது?

கேள்வி: அக்கா, தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். பாயான் லெப்பாஸில் அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறார்கள். மிக்சி, குக்கர், தோசைக்கல் மூன்றும் நான் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். விலை கூடினாலும் பரவாயில்லை, நீண்ட நாள் உழைக்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: விலை இருக்கட்டும், சகோதரி. கடையில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "இதற்கு உதிரிச் சாமான் இங்கேயே கிடைக்குமா?" என்பதுதான். பினாங்கு லிட்டில் இந்தியாவில் பாத்திரக்கடையில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். வேண்டாம் என்று ஒதுக்கிய மிக்சியை ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். ஜாரோ கப்ளரோ கிடைக்காமல்தான் மூலைக்குப் போயிருக்கும்.

ஜாரை எடுத்தால் மேலே பல் வைத்த கருப்பு வட்டம் தெரியும். அதுதான் கப்ளர். காய்ந்த மிளகாய் சிக்கி பிளேடு நின்றுவிட்டால், மோட்டார் கருகுவதற்கு முன் அந்தப் பல் மழுங்கிவிடும். மாற்றினால் சரியாகிவிடும். அது கிடைக்காத மிக்சியை, எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம் மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வாட்ஸ் போட்டிருக்கும். 500 வாட்ஸ் சட்னிக்குச் சரி. சம்பலும் உளுந்தும் அடிக்கடி அரைப்பவர்களுக்கு 750 வேண்டும். பக்கத்தில் சிறிய சிவப்புப் பொத்தான் உள்ளதாக எடுங்கள். சுமை தாங்காமல் மிக்சி நின்றால், சுவிட்சை அணைத்து, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, சூடு ஆறியதும் அதை அழுத்தினால் போதும். இது தெரியாமல் ரிப்பேருக்குத் தூக்கி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

சென்னையிலிருந்து கொண்டு வந்தாலும் ஓடும். அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மாறும், வாரண்டி பெரும்பாலும் செல்லாது. மலேசியத் தரச் சான்றான சிரிம் லேபிள் ஒட்டியதை இங்கேயே வாங்குவதுதான் என் விருப்பம்.

குக்கருக்கும் அதே கேள்விதான்: கேஸ்கட் கிடைக்குமா, சேஃப்டி வால்வு கிடைக்குமா? வால்வு மட்டும் அதே கம்பெனி சாமானாக இருக்கட்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. புது வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பா என்று மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாத அடி அதில் சூடேறாது.

தோசைக்கல் வார்ப்பிரும்பில் வாங்குங்கள். நான்ஸ்டிக் பூச்சு உரிந்தால் அதோடு சரி. இரும்பு துருப்பிடித்தாலும் தேய்த்து, எண்ணெய் தடவி மறுபடி பழக்கிவிடலாம். நம் ஊர் ஈரக்காற்றுக்கு, கழுவியதும் அடுப்பில் வைத்து உலர்த்தி, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று மாப்பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள், விரிசல் விடும்.

கேள்வி: காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், செந்தூல்

பதில்: பாதிதான் உண்மை. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 201 ரகத்திலும் ஒட்டாது. அடியில் 304 அல்லது 18/8 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எந்த ரகமானாலும் உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டால் கரையாமல் அடியில் தங்கி, புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.