மூன்று நாள் எங்கே போயிற்று?

மதிப்பிற்குரிய ஐயா,

மருத்துவமனை ஒன்றில் தரவுப் பகுப்பாய்வாளராகப் பணிபுரிகிறேன். உள்நோயாளிகள் எத்தனை மணி நேரம் தங்கினார்கள் என்று அறிய, டிஸ்சார்ஜ் நேரத்திலிருந்து சேர்க்கப்பட்ட நேரத்தைப் பைத்தான் நிரல்மொழியின் தரவுத் தொகுப்பான பாண்டாஸில் கழித்து, வினாடிகளைத் தரும் 'டிடி.செகண்ட்ஸ்' (dt.seconds) எடுத்து 3600ஆல் வகுத்தேன். பிழைச்செய்தி ஏதும் வரவில்லை. ஆனால், ஒருவர்கூட 24 மணி நேரத்தைத் தாண்டவில்லை. நீண்ட நாள் தங்கியவர்களுக்கு விடையை மாதங்களில் தரும்படியும் கேட்கிறார்கள். எங்கே தவறினேன்?

எம்.

அன்புள்ள எம்.,

கழித்ததில் தவறில்லை, வந்த விடையிலிருந்து நீங்கள் எடுத்த பகுதியில்தான் தவறு. பாண்டாஸ் ஒரு கால அளவை நாள், வினாடி, அதனினும் சிறிய கூறுகள் எனப் பிரித்துத் தருகிறது. 'செகண்ட்ஸ்' என்பது நாள்களை ஒதுக்கியபின் எஞ்சும் வினாடிகள் மட்டுமே என்பதால், அது 86,399ஐ ஒருபோதும் தாண்டாது. 3 நாளும் 4 மணி நேரமும் தங்கிய நோயாளிக்கு அது 14,400 என்று சொல்ல, 76 மணி நேரம் படுக்கையில் இருந்தவர் உங்கள் அட்டவணையில் 4 மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுகிறார். 'டோட்டல்_செகண்ட்ஸ்' (total_seconds) முழு அளவையும் வினாடிகளில் தரும். ஆனால் நான் எப்போதும் செய்வது, வித்தியாசத்தை ஒரு மணி நேர டைம்டெல்டாவால் (Timedelta, பாண்டாஸில் கால அளவைக் குறிக்கும் மதிப்பு) நேரடியாக வகுப்பதுதான். விடை எந்த அலகில் வருகிறது என்பது அந்த வரியிலேயே இருப்பதால், ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் ஐயம் எழாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. டிஸ்சார்ஜ் நேரம் சேர்க்கைக்கு ஒரு நிமிடம் முன்னதாகத் தவறிப் பதிவாகியிருந்தால், வித்தியாசம் -1 நாள், +23:59:00 என்று அமையும். அதன் வினாடிக் கூறு 86,340. அதாவது, நடக்கவே முடியாத ஒரு பதிவு ஏறத்தாழ 24 மணி நேரத் தங்கலாக வேடமிட்டு உங்கள் சராசரிக்குள் கலந்துவிடும். ஆகவே வகுப்பதற்கு முன், சுழியத்திற்குக் குறைவான வரிசைகளைத் தனியே எடுத்துப் பாருங்கள். அவற்றை அழித்துவிடாமல், பதிவேட்டுப் பிரிவில் கேட்டுத் திருத்துங்கள்.

மாதம் 28 நாளாகவும் இருக்கும், 31 நாளாகவும் இருக்கும் என்பதால் டைம்டெல்டா அதை அலகாக ஏற்பதில்லை. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன், நாள்களிலேயே கொடுங்கள்.

பழைய கணக்கில் தயாரித்த அறிக்கைகள் ஏற்கெனவே மேலிடத்துக்குப் போயிருந்தால், திருத்திய எண்களை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். அவற்றை வைத்துத்தான் எத்தனை படுக்கைகள் தேவை என்று யாரேனும் முடிவு செய்துகொண்டிருக்கக்கூடும்.