அவன் கை ஏன் ஆடவில்லை?

கேள்வி: வில்லியனூர் பக்கம் எங்களுக்குச் சொந்த நிலம் இருக்கிறது. மாதம் இரண்டு மூன்று தடவை ராத்திரியில் நானும் பங்காளிகளும் முயல், மடையான் கொக்கு அடிக்கப் போவோம். விற்பதில்லை, வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான். ஆறாவது படிக்கிற என் பையன்தான் டார்ச் பிடிப்பான்; கை ஆடவே ஆடாது. இப்போது என் மனைவி திடீரென்று இது பாவம், இந்தக் கறியை இனிமேல் சமைக்க மாட்டேன் என்கிறாள். பேதுருவிடம் ஆண்டவரே ‘அடித்துச் சாப்பிடு’ என்று சொல்லவில்லையா? பிரான்ஸில் இருக்கிற என் மச்சான் வேட்டைக்காரர்களுக்கென்று வைக்கிற பூசைக்கே வருஷா வருஷம் போகிறார். கிறிஸ்தவனுக்கு வேட்டை பாவமா, இல்லையா?
– பெயர் வேண்டாம், புதுச்சேரி

பதில்: இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு வசனத்தையும் கையோடு கொண்டுவருகிறார்கள். பதில் என்னவாக இருக்க வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் தபால் போடுகிறார்கள். வசனத்தை அப்புறம் பார்ப்போம், தம்பி. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. ‘கை ஆடவே ஆடாது.’ பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்.

டார்ச் பிடிப்பது எடுபிடி வேலை இல்லை என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி வேட்டையில் பாதி அதுதான். முயலுக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில். இருட்டில் பாவை முழுக்க விரிந்திருக்கும். அதில் வெளிச்சத்தைக் கொட்டினால் ஆள் எங்கே, எவ்வளவு தூரத்தில் என்று ஒன்றும் தெரியாது. ஆபத்து வந்தால் அசையாமல் பதுங்குவது அதன் பிறவிக் குணம், அதனால் அப்படியே உட்கார்ந்துவிடும். ஒளிவட்டம் ஒரு சாண் விலகினால் போதும், ஓரத்து இருட்டு தெரிந்து அதற்குள் பாய்ந்துவிடும். ஆகவே தடியோடு வருகிறவர் கிட்டே வந்து அடிக்கிற வரைக்கும் வெளிச்சம் நகரக் கூடாது. அதாவது, அந்த உயிர் போகிறதைக் கண்ணெடுக்காமல் பார்த்தாக வேண்டிய ஒரே ஆள் உங்கள் மகன். அடிக்கிற நீங்கள்கூட ஒரு நொடி முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அவன் திருப்பினால் முயல் போய்விடும், நீங்கள் நாலு பேரும் திட்டுவீர்கள்.

பதினொரு வயசுப் பிள்ளைக்கு முதல் ராத்திரி கை ஆடாமல் இருந்திருக்காது. எத்தனையாவது ராத்திரி நின்றது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் ‘திடீரென்று’ அடுப்பை அணைத்திருக்க மாட்டார்.

இனி உங்கள் பேதுரு. திருத்தூதர் பணிகள் 10ஆம் அதிகாரத்தை முழுசாகப் படியுங்கள். விலங்கும் பறவையும் நிறைந்த ஒரு விரிப்பு காட்சியில் மூன்று தடவை இறங்கியது, அப்புறம் வானத்துக்கே எடுத்துக்கொள்ளப்பட்டது. பேதுரு அதிலிருந்து எதையும் அடிக்கவுமில்லை, சாப்பிடவுமில்லை. அந்தக் காட்சிக்கு அர்த்தம் என்ன என்று 28ஆம் வசனத்தில் அவரே சொல்லிவிடுகிறார்: எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாது. கொர்னேலியு என்ற ரோமைப் படை அதிகாரியின் வீட்டுக்குள் நுழைவதற்காக வந்த காட்சி அது. முயல் கறிக்கு அனுமதிச் சீட்டு இல்லை.

வேட்டை தன்னளவில் பாவம் என்று திருச்சபை சொல்வதில்லை. நோவாவுக்கு இறைச்சி அனுமதிக்கப்பட்டது (தொடக்கநூல் 9:3). ஆனால் அடுத்த வசனமே ரத்தத்தோடு உண்ணக் கூடாது என்று கை பிடிக்கிறது. லேவியர் 17:13 வேட்டைக்காரனுக்கென்றே எழுதியது: விலங்கையோ பறவையையோ பிடித்தால் அதன் ரத்தத்தைக் கீழே ஊற்றி மண்ணால் மூடு. இணைச்சட்டம் 22இல், கூட்டில் தாய்ப்பறவை அடைகாத்துக்கொண்டிருந்தால் தாயை விட்டுவிடு என்கிறது. இதை ராத்திரியில் எப்படிக் கடைப்பிடிப்பீர்கள்? பதுங்கி உட்கார்ந்த முயலில் ஆண் எது, பெண் எது என்று பார்வையில் சொல்ல முடியாது. தாய் முயல் குட்டிகளோடு படுப்பதில்லை. அவற்றைப் புல்லில் விட்டுவிட்டுப் போய், அவ்வப்போது வந்து பால் கொடுக்கும். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது ஒன்று, வயலில் பட்டினி போட்டுவிட்டு வருவது எத்தனை என்று உங்களால் எண்ண முடியாது. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2418ஆம் பத்தி, தேவையில்லாமல் விலங்குகளை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு விரோதம் என்கிறது. கடையில் கோழி தொங்குகிற ஊரில் உங்கள் தேவை என்ன?

மச்சான் கதைக்கு வருவோம். அந்தப் பூசை புனித ஹூபர்ட் பெயரில், நவம்பர் 3ஐ ஒட்டி நடக்கிறது. கொம்பு ஊதுவார்கள், நாய்களைக்கூட மந்திரிப்பார்கள். 727இல் இறந்த அந்த ஆயரைப் பற்றிப் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. புனித வெள்ளியன்று எல்லோரும் கோவிலில் இருக்கும்போது அவர் காட்டுக்குப் போனாராம். மானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவையைக் கண்டு மனம் மாறினாராம். வேட்டைக்காரர்களின் பாதுகாவலர் வேட்டை நடுவில் நிறுத்தப்பட்டவர் என்பதை மச்சானிடம் சொல்லுங்கள். 1215இல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் குருக்களுக்கு வேட்டையை அடியோடு தடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதோடு, அவர் தேர்வெழுதி உரிமம் வாங்கி, வேட்டைக்கு அனுமதித்த காலம் பார்த்து, பகலில் போகிறவர். அங்கே 15 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் வேட்டைத் துப்பாக்கி கொடுக்க முடியாது. நீங்கள் செய்வது போல முயலை வெளிச்சம் அடித்துப் பிடித்தால் அங்கேயும் குற்றம்தான். ஒழுங்கான வேட்டைக்காரன் சுட்டது அடிபட்டு ஓடினால், ரத்தத் தடம் பிடிக்கிற நாயோடு போய்த் தேடி முடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவான். இறக்கை முறிந்து கருவேலம் புதருக்குள் விழுந்த மடையானை நீங்கள் எத்தனை தடவை தேடியிருக்கிறீர்கள்?

இங்கே 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி முயலும் மடையானும் பாதுகாக்கப்பட்டவை. சொந்த நிலம் என்பதெல்லாம் செல்லாது. பிடிப்பது, துரத்துவது, கண்ணி வைப்பது, முயற்சி பண்ணுவது எல்லாமே சட்டத்தில் வேட்டைதான். மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2008இல் சரணாலயமான ஊசுடு ஏரி எல்லைக்குள் கால் வைத்திருந்தால் குறைந்தது மூன்று வருஷம், ஏழு வரை போகும். பைக்கில் போயிருந்தால் அதுவும் பறிமுதலாகும். உடந்தையும் குற்றம்தான். வெளிச்சம் பிடிக்கிறவனுக்கு அதில் என்ன பெயர் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது அப்பன்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கண்ணி வைக்கவில்லை என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே வைத்திருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். கிளட்ச் ஒயரில் போட்ட சுருக்கு மழைக்குக் கரையாது. நீங்கள் மறந்த பிறகும் நாயையும் கீரியையும் பிடித்துக்கொண்டே இருக்கும். பங்காளிகளோடு உட்கார்ந்து எத்தனை என்று எண்ணிப் பகலில் போய் எடுங்கள். ஒன்று குறைந்தாலும் மறுபடி போங்கள். ஏதாவது உயிரோடு மாட்டியிருந்தால் அவிழ்த்து ஓட்டிவிடாதீர்கள். ஒயர் தோலுக்குள் இறங்கியிருந்தால் அப்புறம் கால் அழுகும், வனத்துறையைக் கூப்பிடுங்கள். உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறீர்களா என்பது உங்களுக்கும் உங்கள் சாமியாருக்கும் உள்ள விஷயம். மகனிடம் ‘உன்னை அங்கே நிறுத்தியது என் தப்பு’ என்று சொல்வது அப்பனின் கடமை, மனைவி காதில் விழும்படி சொல்லுங்கள்.

கறி எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பீர்கள். நியாயம்தான். வீட்டு நாட்டுக்கோழி ஒன்றைப் பகலில் அறுங்கள். முந்தின ராத்திரியிலிருந்து தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும். இரைப்பை நிறைந்திருந்தால் கிழிந்து கறி நாறும். கத்தியை முன்னாலேயே தீட்டி வையுங்கள், மழுங்கல் கத்திதான் கொடுமை. இறக்கையைச் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகச் சற்று வைத்தால் அடங்கும். தாடைக்குக் கீழே இரண்டு பக்க ரத்தக் குழாயும் ஒரே இழுப்பில் அறுபட வேண்டும். ஒன்று தப்பினால் சாவு இழுத்துக்கொண்டு போகும். இரண்டு நிமிஷம் ரத்தம் வடியட்டும், மேலே மண்ணைத் தள்ளி மூடுங்கள். துடிப்பு முழுக்க நின்ற பிறகுதான் இறகு பறிக்கச் சுடுதண்ணீர். 60, 65 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷம் போதும். தளதளவென்று கொதிப்பதில் முக்கினால் இறகோடு தோலும் வரும். ஈரலில் பச்சையாக ஒட்டியிருக்கிற பித்தப்பை உடையாமல் எடுக்க வேண்டும், அதை மட்டும் மகன் கையில் கொடுங்கள். அப்போது அவன் கை ஆடினால் திட்டாதீர்கள்.