காத்திருக்கிறவர்களும் வாங்குகிறவர்களும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கடலூர் புதுப்பாளையத்தில் வீடு, சேதராப்பட்டில் வேலை. வயது 27. அப்பா 2012இல் வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்டைத்தான் இன்னும் ஓட்டுகிறேன். பத்து லட்சத்துக்குள் ஒரு புது டர்போ ஹேட்ச்பேக், மேனுவல் கியரோடு, 120 குதிரைத்திறனுக்கு மேல் வரப்போகிறது என்று ஆறு மாதமாகப் பேச்சு. (வண்டியின் பெயரை, பதில் எழுதும் நான் எடுத்துவிட்டேன். டர்போ என்றால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளித் திறனைக் கூட்டும் கருவி, ஹேட்ச்பேக் என்றால் பின்கதவு மேலே திறக்கும் சின்னக் கார். கம்பெனி இன்னும் அறிவிக்கவில்லை.) சோதனை ஓட்டத்தில் மூடி மறைத்துப் போன வண்டியின் படத்தை தினமும் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறேன். ஐ20 என் லைன், அல்ட்ராஸ் ரேசர் இரண்டையும் ஷோரூமில் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். ஸ்விஃப்டை இப்போதே விற்றுவிட்டுக் காத்திருக்கலாமா? மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? பாண்டியில் நண்பன் முகவரியில் பதிவு செய்தால் வரி குறையும் என்கிறார்கள், செய்யலாமா? இப்போதைக்கு ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆரில் மரக்காணம் வரை போய், ஸ்விஃப்டிலேயே 150 தொட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்கிறேன். வீடியோ இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ர.

அன்புள்ள தம்பி,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மேனுவல். வீடு புதுப்பாளையத்தில் இருந்தால் வரியும் கடலூரில்தான், டிஎன் 31தான். நண்பன் முகவரியைப் பற்றி என்னிடம் இனி கேட்க வேண்டாம். வராத வண்டிக்காக ஓடுகிற வண்டியை யாரும் விற்பதில்லை, நீங்களும் விற்காதீர்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் ஒரு பழைய பாலியோ காரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் பெரியப்பா மகன் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார். எனக்குக் கார் மேல் பித்து பிடித்தது அவரால்தான். இப்போது முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அவர் மகன் வெளியூரிலிருந்து போன் செய்து, "சித்தப்பா, அப்பாவோட வண்டிய என்ன பண்றது?" என்று கேட்டான். அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அது ஃபியட் பாலியோ, 1.6 லிட்டர். 2001இல் வந்தது. 100 குதிரை. இன்று அந்த எண் உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு நம் தெருக்களில் ஓடிய மாருதி 800இன் இன்ஜினில் 37 குதிரைதான் இருந்தது என்பதை வைத்துப் பாருங்கள். அண்ணன் சின்ன வயதில் தாய்மாமாவோடு சோழவரம் பந்தயம் பார்க்கப் போய் வந்தவர். போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் கார்களும் பைக்குகளும் பறந்ததைப் பார்த்த கண். கடன் வாங்கி இந்த வண்டியைப் புதிதாக எடுத்தார். பெரியம்மா ஒரு வாரம் பேசவில்லை. "டீசல் இண்டிகா வாங்கியிருந்தா நாலு கல்யாணத்துக்கு வாடகைக்காவது விட்டிருக்கலாம்" என்பது அவர் கட்சி. 1.6 லிட்டர் என்றால் பெட்ரோல் குடிக்கும் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். அண்ணன் யாரோடும் வாதாடவில்லை. பிடித்திருந்தது, பணம் கட்டினார், வாங்கினார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் பரங்கிப்பேட்டை வரை எத்தனையோ முறை போயிருக்கிறேன். நேர்ச்சாலையில் அவர் வேகம் காட்டியதே இல்லை. வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்து, கியரை இறக்கி, வளைவின் பாதியில் மெதுவாக ஆக்சிலரேட்டரை அழுத்துவார். வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். வேகமானியில் அப்போது 60கூட இருக்காது. எனக்கு மயிர்க்கூச்செறியும். வண்டி வாங்கி அவர் முதலில் செலவழித்தது நல்ல டயருக்கு. ஸ்டீரியோ எல்லாம் அப்புறம்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? உங்கள் கடிதத்தில் 'விட்டுவிட்டேன்' என்று ஒரு வரி இருக்கிறது. என் கோபமெல்லாம் அந்த வரி மேல்தான்.

வேகமான சின்னக் கார் நம் நாட்டில் வரவே இல்லையா? வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. 2013இல் போலோ ஜிடி டிஎஸ்ஐ: 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரை, கிளட்ச் மிதிக்காமல் தானே மாறும் ஏழு கியர் டிஎஸ்ஜி. 2015இல் புன்டோ அபார்த்: 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரை, ஷோரூம் விலை 9.95 லட்சம். இன்னொரு முறை படியுங்கள்: பத்து லட்சத்துக்குள் 145 குதிரை. நீங்கள் இன்று கனவு காண்கிற வண்டியைவிட அது அதிகம். 2017 மார்ச்சில் பலேனோ ஆர்எஸ்: ஒரு லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ இன்ஜின், 102 குதிரை, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். 2018இல் டியாகோ ஜேடிபி. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ்காரர்கள் டாடாவோடு சேர்ந்து செய்த வண்டி அது. நம் ஊர்க்காரர்கள் சஸ்பென்ஷனையும் ஸ்டியரிங்கையும் உட்கார்ந்து சரிபண்ணி, 114 குதிரையோடு 6.39 லட்சத்துக்குக் கொடுத்தார்கள்.

இவற்றில் ஒன்றைக்கூட இன்று ஷோரூமில் புதிதாக வாங்க முடியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது ஒவ்வொரு இன்ஜினையும் மறுபடி செலவு செய்து திருத்த வேண்டியிருந்தது. மாதம் சில வண்டிகளே விற்கிற மாடலுக்கு எந்தக் கம்பெனியும் அந்தச் செலவைச் செய்யாது. அதற்கு முன்பே அபார்த் போய்விட்டது. ஆர்எஸ் போனது, ஜேடிபி போனது. போலோ மட்டும் ஒரு லிட்டர் டிஎஸ்ஐ டர்போ இன்ஜினோடு 2022 வரை தாக்குப்பிடித்தது. அது நின்ற அன்று வந்த இரங்கல் பதிவுகள் கொஞ்சமா? அதில் என் நண்பர்கள் சிலரும் எழுதினார்கள். ஒவ்வொருவரையும் கேட்டேன்: நீ ஒரு போலோவைப் புதிதாக வாங்கினாயா? வாங்கியவர் ஒருவரும் இல்லை. அபார்த் வந்தபோது "சர்வீஸ் சென்டர் குறைவு" என்றார்கள். ஆர்எஸ் வந்தபோது "102தானா, 1.4 லிட்டர் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வரட்டும்" என்றார்கள். ஜேடிபி வந்தபோது "டியாகோவுக்கு ஆறரை லட்சமா" என்றார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள்.

தம்பி, வெளிநாடுகளில் விற்ற அந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இங்கே ஏன் வரவில்லை தெரியுமா? 2006 மத்திய பட்ஜெட்டிலிருந்து நம் வரிச் சட்டத்தில் சின்னக் கார் என்றால் நாலு மீட்டர் நீளத்துக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசியைத் தாண்டக் கூடாது. ஸ்விஃப்ட் ஸ்போர்ட் நீளத்தில் தேறும், இன்ஜினில் தேறாது. 1.4 லிட்டர். நாலு மீட்டருக்குள் அடங்கினாலும் பெரிய காருக்கான வரிதான் விழும். இங்கே வந்த டர்போ ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவை ஒரு லிட்டர், 1.2 லிட்டர் என்று இருப்பதற்கு இதுதான் காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது, மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. வித்தியாசம் பெரியது. ஆகவே உங்கள் கனவு வண்டி வந்தாலும் இந்த 1200 சிசிக்குள்தான் வர வாய்ப்பு அதிகம். நீங்கள் ஓட்டிப் பார்த்த இரண்டு வண்டிகளும் 120 குதிரை. புது வண்டி 125, 130 என்று வரலாம். அந்தப் பத்துக் குதிரையை அரியாங்குப்பத்துக்கும் மரப்பாலத்துக்கும் நடுவே, காலை எட்டரை மணி நெரிசலில், எந்த இடத்தில் ஓடவிடப் போகிறீர்கள்?

சந்தை சின்னது, நம் ஆட்கள் மைலேஜும் ரீசேலும்தான் பார்ப்பார்கள் என்று சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மைலேஜ் பார்க்கிறவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. குடும்பம் நடத்துகிறவர் பார்க்கத்தான் வேண்டும். அவர் இந்த வண்டி வேண்டும் என்று எப்போதும் கேட்டதில்லை. கேட்டது நீங்களும் நானும். 1976இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியுடைய முதல் கோல்ஃப் ஜிடிஐ விற்பனைக்கு வந்தபோது 5,000 வண்டிதான் செய்வதாகத் திட்டம். 810 கிலோ எடை, 110 குதிரை, அவ்வளவுதான். அந்த முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. நாடு நாடாக மற்ற கம்பெனிகள் அதற்குப் போட்டி வண்டி செய்ய ஓடின. சாதாரண வேலைக்காரர்கள் ஷோரூமுக்குப் போய்ப் பணம் கட்டியதால் உண்டானதுதான் வேகமான சின்னக் கார் என்கிற பிரிவு. அதே பெயர் கொண்ட வண்டி 2025இல் 53 லட்சத்துக்கு இந்தியாவுக்கு வந்தது. முதலில் ஒதுக்கிய 150 வண்டிகளும் உடனே முன்பதிவாகித் தீர்ந்தன. பணக்காரர்கள் கேட்டார்கள், வாங்கினார்கள், அவர்களுக்கு வண்டி கிடைக்கிறது. பத்து லட்சத்துக்காரர்கள் கேட்டோம், வாங்கவில்லை.

நீங்கள் 'இன்னும் கொஞ்சம்' என்று விட்டுவிட்டு வந்த நாளில் அந்த ஷோரூம் மேனேஜரின் கணக்கில் ஒரு வண்டி குறைந்தது. அந்தக் கணக்கு மேலே போகிறது. மேலே இருக்கிறவர் அடுத்த வண்டிக்குக் காசு ஒதுக்கலாமா வேண்டாமா என்று அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார். சோதனை வண்டியின் படத்தை நீங்கள் எத்தனை முறை பார்த்தீர்கள் என்பது அவருக்குத் தெரியாது.

இனி அந்த வீடியோ.

முழுக்கப் பார்த்தேன். வெளிச்சம் இன்னும் வரவில்லை. முள் 150ஐத் தொடுகிறது, நீங்கள் சிரிக்கிறீர்கள். 150 என்றால் நொடிக்கு 41 மீட்டருக்கு மேல். ஒருவர் குறுக்கே வருவதைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று வையுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள்ளேயே 60 மீட்டர் போயிருப்பீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தக் கரைக்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. 75இல் உங்கள் அப்பாவின் ஸ்விஃப்ட் எவ்வளவு அடக்கமாக நிற்கிறதோ, அந்த நம்பிக்கை 150இல் செல்லாது. மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் உப்பளத்துப் பெண்கள் விடியுமுன்னே வாளியும் தூக்குமாகச் சாலையைக் கடக்கிறார்கள். நீங்கள் ஆசையைத் தீர்த்துக்கொள்ள எடுத்துக்கொண்டது அவர்களுடைய சாலையை, அவர்களுடைய நேரத்தை. உங்கள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. இந்தக் கடிதத்தை எழுதிய பிள்ளை கெட்டவன் இல்லை என்று தெரியும். ஆனால் அந்த வீடியோவில் இருப்பவனுக்கு 120 குதிரை கொடுக்க எனக்கு மனம் வராது.

வேகம் வேண்டுமா, இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் அங்கே இருக்கிறது. 3.7 கிலோமீட்டர். எதிரே வண்டி வராது, ஆடு மாடு வராது. சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க நாள் ஒதுக்கும்போது பணம் கட்டிச் சேருங்கள். அதற்கு முன் ஸ்விஃப்டுக்கு நாலு புது டயர், புது பிரேக் பேட், பிரேக் ஆயில் மாற்றம் மூன்றையும் செய்யுங்கள். ஒரு டன்னுக்கும் குறைவான எடை, நன்றாகச் சுற்றும் 1.2 லிட்டர் இன்ஜின். ஓட்டத் தெரிந்தவனுக்கு அது போதாத வண்டி இல்லை. ரெண்டு சுற்று முடிவதற்குள் உங்கள் குறை குதிரையிலா பிரேக்கிலா கையிலா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் வண்டி வாங்குவது. பொங்கல் வரை கெடு. அதற்குள் நீங்கள் சொல்கிற வண்டி அறிவிக்கப்பட்டு, ஆன்ரோடு விலை உங்கள் கைக்குள் வந்தால் முதல் வாரத்திலேயே முன்பதிவு செய்யுங்கள். பாண்டியிலோ கடலூரிலோ ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான். வரவில்லை என்றால், ஓட்டிப் பார்த்த இரண்டில் மனசுக்குப் பிடித்ததை, அப்போது விற்பனையில் இருப்பதை, எடுங்கள். தேவையில்லாத சன்ரூஃபுக்குப் பணம் ஏற்றாதீர்கள்.

அண்ணன் மகனுக்கு நேற்று பதில் சொல்லிவிட்டேன். பாலியோவை விற்க வேண்டாம், ஆர்சியைப் புதுப்பித்து என் வீட்டில் விடச் சொன்னேன். நீங்கள் ஒரு ஞாயிறு மஞ்சக்குப்பம் வாருங்கள். அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து பரங்கிப்பேட்டை வரை நீங்களே ஓட்டலாம், 60ஐத் தாண்டாமல். வருவதற்கு முன் அந்த வீடியோவைப் போட்ட இடத்திலெல்லாம் அழித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.