வெள்ளைச் சுவர் ஏன் அழுக்காகத் தெரிகிறது? (கேமரா கேள்வி-பதில்)

காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருப்பதால் கடைக்கு வருகிறவர்களும், வாசகர்கள் கடிதத்தில் கேட்கும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பாதிப் பேருக்கு எந்தக் கேமரா வாங்குவது என்று குழப்பம், மீதிப் பேருக்கு வாங்கிய கேமரா மேல் சந்தேகம். இந்த இதழில் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் பூர்வீக வீட்டுச் சுவர் பளீரென்று வெள்ளையாக இருக்கும். படத்தில் மட்டும் பழுப்பேறிய சாம்பலாக வருகிறது. அதே கேமராவில் நிலைக்கதவை எடுத்தால் தேக்கு வெளுத்துப்போய் வருகிறது. கேமராவை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம் அம்மா. எந்த விலைக்கு எந்தக் கேமரா வாங்கினாலும் அந்தச் சுவர் அப்படித்தான் வரும். உங்கள் கேமராவில் பழுது எதுவும் இல்லை.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒன்று இருக்கிறது. எதிரில் நிற்பது சுவரா கதவா என்று அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நடுச்சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசி, பளபளக்க இழைத்த நம் ஊர்ச் சுவரைக் காட்டினால், வெளிச்சம் கூடிப்போச்சு என்று நினைத்துக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகிறது. பர்மா தேக்குக் கதவைக் காட்டினால் வெளிச்சம் போதவில்லை என்று கூட்டிவிடும். கதவு வெளுக்கிறது. இரண்டு படத்திலும் அது செய்த தப்பு ஒன்றுதான்.

அதைத் திருத்தத்தான் கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் இருக்கிறது. சுவரை எடுக்கும்போது கூட்டல் ஒன்றில் வையுங்கள். போதவில்லை என்றால் ஒன்றரை வரை போகலாம். கதவுக்குக் கழித்தல் ஒன்று. வெள்ளைக்குக் கூட்ட வேண்டும், கறுப்புக்குக் குறைக்க வேண்டும். முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஆனால் மீட்டர் எந்தப் பக்கம் தப்பாகப் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தானே நாம் இழுக்க வேண்டும்? செல்போனிலும் இது உண்டு. திரையில் சுவரைத் தொட்டால் ஒரு சூரியப் படம் வரும், அதை மேலே தள்ளுங்கள்.

அந்த 'ஒன்று' என்பதற்கு ஒரு ஸ்டாப் என்று பெயர். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி. எக்ஸ்போஷர் என்று பெரிதாகப் பேசுவதெல்லாம் இந்த இரட்டிப்பும் பாதியும்தான். ஷட்டரில், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தில், 1/60 நொடியிலிருந்து 1/125க்குப் போனால் வெளிச்சம் பாதியாகும். வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவை 400லிருந்து 800 ஆக்கினால் படத்தின் பிரகாசம் இரட்டிப்பாகும், கூடவே புள்ளி புள்ளியாக இரைச்சலும் ஏறும். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரமான அப்பர்ச்சரில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்: 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண் ஏற ஏற வெளிச்சம் ஒவ்வொரு படியிலும் பாதியாகும். காரணம் எளிது. லென்ஸின் குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் துவாரத்தின் அகலம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 வைத்தால் துவாரம் 25 மி.மீ., எஃப் 4 வைத்தால் 12.5 மி.மீ. அகலம் பாதியானால் பரப்பு கால்வாசி, அதாவது இரண்டு ஸ்டாப். இந்த ஒரு கணக்கை ஒரு தடவை தாளில் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

இன்னொன்று. இழைத்த சுவர் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் அப்படியே. நேருக்கு நேர் நின்று ஃப்ளாஷ் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்து, சுவரின் வழவழப்பே தெரியாமல் போய்விடும். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் படுகிற நேரத்தில் கொஞ்சம் சாய்ந்து நின்று எடுங்கள். அந்தப் பூச்சு எப்படிப்பட்ட வேலை என்பது அப்போதுதான் படத்தில் தெரியும்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர்: வீட்டு நடுமுற்றமான வளவில் வைத்துக் குடும்பப் படம் எடுத்தால் வெயில் விழும் இடம் வெள்ளையாக எரிந்துவிடுகிறது, தாழ்வாரத்தில் நிற்பவர்கள் இருட்டாகிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் நாமே வைக்கிற 'எம்' (மேனுவல்) மோடில் எடுத்தால் சரியாகுமா?

ஆகாது. உச்சி வெயில் விழும் முற்றத்துக்கும் தாழ்வாரத்து நிழலுக்கும் ஐந்தாறு ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். எந்த மோடில் வைத்தாலும் ஒரே படத்தில் இரண்டையும் கண்ணால் பார்க்கிற மாதிரி கொண்டுவருவது கஷ்டம். ஆட்களை இடம் மாற்றுவதுதான் வழி. முற்றத்து ஓரமாக, கூரை நிழலுக்குள், திறந்த வானத்தைப் பார்த்தபடி நிற்கவையுங்கள். நீங்கள் முற்றத்துப் பக்கம் நின்று எடுங்கள். வானத்தின் வெளிச்சம் முகத்தில் மெதுவாகப் படும், அப்பத்தாவின் முகச் சுருக்கம்கூட அழகாக வரும். வெயில் பட்ட தரை சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்தை நீங்களே குறிக்கலாம் என்றால் காலை எட்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள், முற்றத்துக்குள் நேர் வெயில் இறங்கியிருக்காது.

எம் மோடில் எடுத்தால்தான் புகைப்படக்காரர் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அப்பர்ச்சரை நாம் வைத்து ஷட்டரைக் கேமராவிடம் விடும் மோடில், அந்தக் கூட்டல் கழித்தல் பொத்தானைச் சரியாகப் பயன்படுத்தினால் கல்யாணத்தையே எடுத்து முடிக்கலாம்.

காரைக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அக்கா கல்யாணத்துக்குள் கேமரா வாங்க 45,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஒரு கடையில் பில் வேண்டாம் என்றால் 8,000 ரூபாய் குறைத்துத் தருகிறேன், பில் போட்டால் ஜிஎஸ்டி தனி என்கிறார்கள். பையும் ட்ரைபாடும் இலவசமாம். வாங்கலாமா?

பில் இல்லாமல் வாங்காதீர்கள் தம்பி. பில் இல்லையென்றால் வாரண்டி கேட்டுப் போய் நிற்க முடியாது, நாளைக்கு விற்கும்போதும் விலை போகாது. கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆனால் பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் வரி என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கடைக்காரரிடம் ஒரே கேள்விதான் கேளுங்கள்: "பில்லோடு, எல்லாம் சேர்த்து, கையில் எவ்வளவு கொடுக்கணும்?" அந்தத் தொகையை வைத்துத்தான் கடைக்குக் கடை ஒப்பிட வேண்டும்.

அத்தனை ரூபாய் குறைகிறது என்றால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது வேறு வழியாக வந்த சரக்கு, இங்குள்ள சர்வீஸ் சென்டரில் வாரண்டி கிடைக்காமல் போகலாம். பெட்டியிலுள்ள சீரியல் எண்ணும், கேமராவின் அடியில் இருப்பதும், பில்லில் எழுதுவதும் ஒன்றாக இருக்கட்டும். இலவச ட்ரைபாடைக் கண்டு மயங்க வேண்டாம், அந்த விலையில் கொடுக்கிற ட்ரைபாட் பெரும்பாலும் காற்றுக்கே ஆடும். கம்பெனி கேமராவோடு பெட்டியிலேயே வைத்து அனுப்புகிற சார்ஜர், பேட்டரி, பட்டை எல்லாம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு தனியாக விலை சொல்வார்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. தகராறு என்றால் 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

பணத்தை எதில் போடுவது? கேமரா உடலில் கொஞ்சம் குறைத்து, ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கள். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் அந்த 50 மி.மீ. அளவில் எஃப் 5.6தான் திறக்கும். 1.8 என்றால் அதைவிட மூன்று ஸ்டாப்புக்கு மேல், அதாவது எட்டு மடங்குக்கும் அதிகமான வெளிச்சம். விடியற்காலை முகூர்த்தத்தில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அக்காவுக்குத் திருப்பூட்டும்போது (தாலி கட்டும்போது) 1/30 நொடியில் கை ஆடிப் போகிற படம், இந்த லென்ஸில் 1/250ல் நின்று வரும்.

திருப்பத்தூரிலிருந்து ஒரு வாசகர்: லென்ஸ் மாற்றக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்?

உங்கள் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு பகலில் போங்கள். எஃப் 16ல் வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். சென்சாரில் அழுக்கோ கீறலோ இருந்தால் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். தூசி என்றால் துடைத்துவிடலாம், துடைத்தும் போகாத கோடு என்றால் விட்டுவிடுங்கள். பிறகு லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம்.

எத்தனை தடவை ஷட்டர் அடித்தது என்று கேளுங்கள். ஆரம்பநிலைக் கேமராக்களின் ஷட்டருக்கு லட்சம் தடவை என்பது பொதுவான கணக்கு. நிக்கானில் எடுத்த படத்தின் கோப்பிலேயே அந்த எண் இருக்கும். கேனானில் பல மாடல்களில் படத்தில் பதிவாகாது, தனி மென்பொருள் வேண்டும். கல்யாணம் எடுத்த கேமரா என்றால் எண் வேகமாக ஏறியிருக்கும், வீட்டோடு இருந்தது என்றால் வயதானாலும் எண் குறைவாக இருக்கும்.

நிக்கான் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: டி3500, டி5600 போன்ற உடல்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 'டி' வகை லென்ஸை மலிவாக வாங்கி மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் தொலைந்துவிட்டது என்றால் விற்பவரிடம் சீரியல் எண்ணோடு ஒரு கடிதமும் அடையாள அட்டை நகலும் கேளுங்கள். தயங்குகிறார் என்றால் வேண்டாம். திருட்டுக் கேமரா என்று பின்னால் தெரிந்தால் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடும், உங்கள் பணம் திரும்பாது.

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர்: பக்கத்து வீட்டு ஆச்சி மாடியறையைக் காலி செய்கிறார். 'ரெண்டு கண்ணு கேமரா' ஒன்று, தோல் உறையோடு இருக்கிறது. ரோலிஃப்ளெக்ஸ் என்று எழுதியிருக்கிறது. அவர்கள் வீட்டு ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்ததாம். ஆயிரம் ரூபாய் கொடுத்தால் போதும் என்கிறார். வாங்கிக்கொள்ளட்டுமா?

முதலில் அது என்ன பொருள் என்று ஆச்சியிடம் சொல்லுங்கள். அப்புறம் விலை பேசுங்கள்.

ரோலிஃப்ளெக்ஸ் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் செய்தது, 1929ல் விற்பனைக்கு வந்தது. அதே தோற்றத்தில் அந்தக் கம்பெனியே செய்த ரோலிகார்டும் உண்டு, ஜப்பானின் யாஷிகாவும் உண்டு, அவை விலை குறைவு. உங்கள் கையில் இருப்பது நிஜமாகவே ரோலிஃப்ளெக்ஸ் என்றால், நல்ல நிலையில் பல ஆயிரம் ரூபாய் பெறும். கீழ்லென்ஸின் வளையத்தில் பிளானர் அல்லது ஸெனோட்டார் என்ற பெயரும் 2.8 என்ற எண்ணும் இருந்தால் இன்னும் எவ்வளவோ அதிகம். அந்த எழுத்தையும் சீரியல் எண்ணையும் ஆச்சிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருடைய பிள்ளைகளிடம் போனில் கேட்கச் சொல்லுங்கள்.

நம் பக்கத்து வீடுகளிலிருந்து தூண், கதவு, பீங்கான், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் எப்படிப் போயின என்று காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே நியாயமாக வியாபாரம் செய்கிறவர்களும் உண்டு, நான் மதிக்கிறவர்கள் உண்டு. ஆனால் கொடுக்கிறவருக்கு மதிப்புத் தெரியாது என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டு வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. கடையில் உங்களை யாராவது அப்படி ஏமாற்றினால் எனக்கே கடிதம் எழுதுவீர்கள், இல்லையா?

வாங்குவதாக முடிவானால், நிலையையும் பாருங்கள். பல வருஷம் சும்மா இருந்த ஷட்டரில் எண்ணெய் காய்ந்து, ஒரு நொடி, அரை நொடி வேகங்களில் பாதியில் நின்றுவிடும். வலுக்கட்டாயமாக நெம்ப வேண்டாம், சுத்தம் செய்ய ஆள் இருக்கிறார்கள். அதற்கு ஆகும் செலவை ஆச்சியிடம் வெளிப்படையாகச் சொல்லி விலையில் கழித்துக்கொள்ளலாம், அது நியாயம். 120 ஃபிலிம் இன்றைக்கும் தயாராகிறது, ஒரு சுருளில் 12 படம். அதில் முதல் படம் ஆச்சியை எடுத்துக் கொடுங்கள்.

குன்றக்குடியிலிருந்து ஒரு மாணவர்: தை மாதம் சிறாவயல் மஞ்சுவிரட்டு எடுக்கப் போகிறேன். என்ன செட்டிங் வைப்பது?

நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டராக வைக்கலாம் என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400. காளை பாய்வதை நிறுத்த அது போதாது. அப்பர்ச்சரை எஃப் 8க்குத் திறந்தால் இரண்டு ஸ்டாப் கிடைக்கும், ஷட்டர் 1/1600 ஆகும். அதில் வைத்துவிட்டுக் காளையை மட்டும் கவனியுங்கள். மேகம் மறைத்தால் முதலில் ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்றுங்கள், ஷட்டரை 1/1000க்குக் கீழே இறக்காதீர்கள். புழுதியில் லென்ஸை மாற்ற வேண்டாம். பொட்டலுக்குள் இறங்கவே வேண்டாம், மேடான இடத்தில், தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் நீள லென்ஸோடு நில்லுங்கள்.